இடுப்புள்ள எஞ்சின்

பழைய கதவு இரண்டைச் சேர்த்து அறைந்த மேசை.
அதன்மேல் சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய்,
வளைந்து வந்து மறுபடி சீனன்குடா.
அங்கிருந்து பிரிந்து ஒற்றைக் கிளை
கதவின் விளிம்புவரை: திருகோணமலை.
உண்மையான பாதை இப்படி வளையாது என்பான் றிஸ்மி.
ஐந்தடி அகலத்துக்குள்
உண்மையும் கொஞ்சம் வளையத்தான் வேண்டும்.

பதினெட்டு வருஷமாய் நான் ஓட்டுவது
நாற்பதடி ட்ரெய்லர்.
சிமெந்து, மா, ஒருமுறை ஆரோ ஒருவரின் படகு.
நடுவில் மடங்குகிற எதிலும்
தலை போன வழியில் வால் வராது.
பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தரவில்லை.
மடத்தடிச் சந்தியில் ஒரு மதில்
சொல்லித் தந்தது.

ஆகவே எஞ்சின் வாங்கினால்
இடுப்புள்ள எஞ்சின்தான்.

முதல் ஆசை அமெரிக்கக்காரன்.
பதினாறு பெரிய சில்லு, எட்டு எட்டாய்ப் பிரிந்து.
மாதிரியே ஒரு முழம்.
கோயிலடியில் பூ அளக்கிற அதே முழம்.
முழங்கையை மேசையில் ஊன்றி
நடுவிரல் நுனிவரை பார்த்தேன்:
கை முழுக்கக் கொதிகலன்.

வாங்குமுன் அட்டையில் வெட்டினேன்,
பிஸ்கற் பெட்டி அட்டை, இரண்டு குண்டூசி.
வளைவில் மெல்லத் தள்ள
சில்லெல்லாம் தண்டவாளத்தோடு பணிவாய்த் திரும்பின.
கொதிகலன் திரும்பவில்லை.
மூக்கு நேரே போய்
பஸ் நிலையத்தடியில் நான் மேயவிட்டிருந்த
புள்ளிமானைத் தட்டிவிட்டது.
மானுக்கு வழிவிடாதவனை
இந்த ஊரில் சாரதி என்று சொல்வதில்லை.

தேத்தண்ணியோடு வந்து நின்றாள் தயாபரி.
விலையைக் கேட்கவில்லை,
அது அவளுக்கு முதலே தெரியும்.
"உங்களிட்ட எத்தினை பெட்டி இருக்கு?"
நாலு.
"நாலு பெட்டியை இழுக்கப்
பதினாறு சில்லோ?"

நியாயம்.
மேசையிலும் வெளியிலும்
தம்பலகாமத்து வயல் தட்டையாய்க் கிடக்கிறது.
ஏற்றமே இல்லாத பாதைக்கு
மலையேறும் மிருகம் எதற்கு
என்று அவள் கேட்கவில்லை.
ஜெட்டி வரிசையில் வண்டியைப் போட்டுவிட்டு
மூன்று மணித்தியாலம்
நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காட்டு மரம் இழுக்கிற சின்ன வகை ஒன்றும் இருந்தது.
வளைவுக்குப் பொருந்தும், பைக்குப் பொருந்தும்,
நாலு பெட்டிக்கும் பொருந்தும்.
அதுதான் பிடிக்கவில்லை.

பிறகு கரட்.
பெயரைச் சொன்னதும்
கிலோ என்ன விலை என்றான் றிஸ்மி.
முன்னுக்கொரு எஞ்சின், பின்னுக்கொரு எஞ்சின்,
நடுவில் ஏணையில் பிள்ளையாய்க் கொதிகலன்.
கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒருகாலம்
இந்த வகை மூச்சிரைத்திருக்கிறது.
வளைவில் இதன் மூக்கு வெளியே நீளாது,
வயிறுதான் உள்ளே சரியும்.
உள்ளே நிற்பது பஞ்சில் செய்த பாலை மரம்.
மரத்தை நகர்த்தலாம்.

ஆனால் அதற்காக இல்லை.

எங்கள் ஊர் பாதையின் முடிவு.
அப்பால் கடல்.
வந்த எஞ்சின் திரும்பியாக வேண்டும்,
திருப்புமேடை வைக்கக் கதவில் இடமில்லை.
கரட்டுக்கு முன் பின் கிடையாது.
வந்த வாக்கிலேயே போகும்,
பின்னால் போகிறோமே என்ற கூச்சமில்லாமல்.
பக்கக் கண்ணாடியைப் பார்த்தே
பாதி வயதைப் பின்னால் ஓட்டியவனுக்கு
இது சின்ன விஷயமில்லை.

காசு அனுப்பியாயிற்று.
கப்பலில் வருகிறது. கொழும்புக்கு.
ஜன்னலுக்கு வெளியே
இத்தனை ஆழத் துறைமுகம் சும்மா கிடக்க,
என் பெட்டி அங்கே இறங்கி
சுங்கத்தில் தூங்கி
இரவுக் கோச்சியில் வர வேண்டுமாம்.

அதுவரை
அட்டை அமெரிக்கக்காரனை
படுக்கப் போகுமுன் ஒரு சுற்று தள்ளுகிறேன்.
மான் விழுகிறது.
நிமிர்த்தி வைக்கிறேன்,
அதே இடத்தில்.